பஞ்சும் கிடாயும்: லக்கோன் கறவைச் செம்மறிகளின் சினைப்பருவம் குறித்து

தென்பிரான்சின் அவெய்ரோன் பகுதியில், காற்றோட்டமுள்ள சுண்ணாம்புக் குகைகளில் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி முதிர்கிறது. அந்தப் பெயரை 1925ஆம் ஆண்டே சட்டம் காத்தது. அதற்கான பாலைத் தருவது லக்கோன் இனச் செம்மறி. பால் கொள்முதல் குளிர்காலத் தொடக்கத்தில் ஆரம்பித்துக் கோடை நடுவில் முடிகிறது. நவம்பர், டிசம்பரில் ஆடு ஈன வேண்டுமானால், ஐந்து மாதச் சினைக்காலத்தைப் பின்னோக்கி எண்ணி, ஜூன், ஜூலையில் அது சினைப்பட்டாக வேண்டும். செம்மறியோ பகல் குறுகும் பருவத்தில் இணைசேரும் விலங்கு. ஆலைக்கு ஒரு நாள்காட்டி, ஆட்டுக்கு வேறொன்று. கறவைச் செம்மறியின் கருவுறுதிறன் குறைவு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்த இடைவெளியால் விளைவதே என்பதும், அதை மருந்தால் மட்டுமே நிரப்பும் வழக்கம் இனி நீடிக்கத் தகாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆட்டின் நாள்காட்டி எப்படி ஓடுகிறது? கண்ணில் விழும் ஒளியின் நீளத்தை மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் சுரப்பாக மாற்றுகிறது. இரவு முழுவதும் சுரக்கும் மெலடோனின், இரவு எவ்வளவு நீண்டது என்பதை உடலுக்கு அறிவிக்கிறது. பகல் நீண்ட மாதங்களில், சினைப்பையில் சுரக்கும் மிகச் சிறிதளவு ஈஸ்ட்ரடயால்கூட மூளையின் தூண்டலை அடக்கிவிடும், சினைமுட்டை வெளிப்படாது. அதே அளவு ஈஸ்ட்ரடயால் இலையுதிர்காலத்தில் அப்படி அடக்குவதில்லை. பகல் குறுகுவதுதான் பருவத்தைத் தூண்டுகிறது என்ற பழைய விளக்கம் போதாது. வசந்தத்தில் பகல் நீள்வதே உள்ளிருக்கும் ஆண்டுச் சுழற்சியைச் சரிசெய்து, பின்னர் வரப்போகும் இணைசேர்க்கைக் காலத்தை முன்கூட்டியே குறித்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ரோக்ஃபோர் இருக்கும் 44 பாகை வட அட்சத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. சென்னையில் அது இரண்டு மணி நேரம்கூட இல்லை. நம் செம்மறிகளின் ஈற்றுக்காலத்தை மழையும் மேய்ச்சலும் நடத்துவதால் இந்தச் சிக்கலின் கடுமை நமக்கு எளிதில் புரிவதில்லை.

பிரெஞ்சுப் பண்ணைகள் கைக்கொண்ட தீர்வு பஞ்சு. புரோஜெஸ்டிரோனை ஒத்த மருந்தில் தோய்ந்த பஞ்சைப் பிறப்புறுப்பில் வைக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் டி. ஜே. ராபின்சன் 1965இல் வெளியிட்டார். லக்கோன் மந்தையில் பஞ்சு சுமார் 14 நாள் உள்ளே இருக்கும். எடுக்கும்போது சினைக்குதிரையின் இரத்தத்திலிருந்து பெறும் பி.எம்.எஸ்.ஜி. ஹார்மோன் ஊசியாகப் போடப்படும். ஏறத்தாழ 55 மணி நேரத்தில் மந்தை முழுவதற்கும் செயற்கைக் கருவூட்டல்.

ஏன் இவ்வளவு கறாரான நேரம்? விடை ஆட்டின் கருப்பைக் கழுத்தில் இருக்கிறது. அதன் உள்ளே திசுமடிப்புகள் வளையம் வளையமாக, ஒன்றின் வாய் இன்னொன்றின் வாய்க்கு நேரே நில்லாமல் கோணலாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பசுவுக்குச் செய்வது போல விந்துக் குழலைக் கருப்பைவரை செலுத்த வழியில்லை; கழுத்தின் வாயிலிலேயே விந்தை விட்டுவிட வேண்டும். அங்கிருந்து நீந்தி உள்ளே போக உறைவிந்தின் அணுக்களுக்கு வலு போதாது. ஆகவே 15 பாகை செல்சியஸில் வைத்த புதிய விந்தை, எடுத்த சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். விந்து நிலையத்திலிருந்து வரும் ஒரு வண்டிக்காக நூற்றுக்கணக்கான ஆடுகள் ஒரே காலையில் ஆயத்தமாக நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாடு லக்கோன் இனத்தின் பாலைப் பெரிதும் உயர்த்தியது. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் குதிரைப் புரதத்தை ஆட்டின் உடல் அயல்பொருளாகவே காண்கிறது. ஆண்டுதோறும் ஊசி பெறும் ஆடுகள் சிலவற்றில் எதிர்ப்பொருள் உருவாகிறது. அவற்றில் சினைப்பருவம் தாமதமாகி, குறித்த மணி நேரத்தில் போட்ட விந்து வீணாகிறது. மருந்தே உண்டாக்கிய இந்த மலட்டுத்தன்மை பண்ணைக் கணக்கில் ஆட்டின் குறையாகப் பதிவாகி, ஆடு கழிக்கப்படுகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். சினைக்குதிரைகளிடமிருந்து அடிக்கடி இரத்தம் எடுப்பது குறித்த அறக்கேள்வியும் வலுத்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகள் இனப்பெருக்க ஹார்மோன்களைத் தடைசெய்கின்றன. அதனால் இயற்கைப் பண்ணைகள் செயற்கைக் கருவூட்டலையும், அதன் வழி வரும் இன மேம்பாட்டையும் பெரும்பாலும் இழக்கின்றன.

மாற்று வழி எல்லா மந்தையிலும் நின்றுகொண்டிருக்கிறது: கிடாய். பருவமற்ற காலத்தில் ஆடுகளிடையே புதிய கிடாயை விட்டால் சினைமுட்டை வெளிப்படும் என்பதை அண்டர்வுட்டும் அவர் குழுவினரும் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 1944இல் எழுதினர். கிடாயின் மணமும் நடத்தையும் எட்டிய சில நிமிடங்களிலேயே ஆட்டின் மூளையில் தூண்டல் எழுகிறது. இரண்டு மூன்று நாளில் முட்டை வெளிப்படுகிறது. ஆனால் அந்த முதல் வெளிப்பாட்டில் ஆடு பருவ அறிகுறி காட்டாது. சிலவற்றில் ஆறு நாள் குறுஞ்சுழற்சி ஒன்று இடையே வந்துபோகும். எனவே பருவம் 18, 24ஆம் நாட்களை ஒட்டி இரண்டு அலைகளாக வருகிறது.

விந்து வண்டியின் ஒரே காலைக்கு இது பொருந்தாது என்பார்கள். உண்மைதான். ஆனால் இணைசேர முடியாதபடி துணிக்கவசம் கட்டிய கிடாயின் மார்பில் பொருத்தும் கருவி, அது ஏறும் ஒவ்வோர் ஆட்டின் மின்னணு அடையாளத்தையும் நேரத்தோடு பதிந்துவிடுகிறது. எந்த ஆடு எப்போது பருவத்தில் என்று தெரிந்துவிட்டால், சில நாட்களில் சிறு தொகுதிகளாக விந்து போடலாம். செலவு கூடும், ஆனால் அந்தச் செலவைப் பண்ணையாளர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. குறித்த மாதத்தில் பால் கேட்கும் ஆலைகளும் அதில் பங்கேற்க வேண்டும்.

வசந்தத்திலேயே தானாகப் பருவம் காணும் ஆடுகளும் மந்தையில் உண்டு. மெரினோ த'ஆர்ல் இனத்தில் இவ்வியல்பு ஓரளவு மரபுவழி வருவதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிறுவியிருக்கிறார்கள். லக்கோன் தேர்வுத் திட்டம் பாலளவையும் கொழுப்பையும் புரதத்தையும் மடிநோய் எதிர்ப்பையும் மடியமைப்பையும் மதிப்பிடுகிறது. அந்த வரிசையில் வசந்தகாலச் சினைப்பருவத்தையும் சேர்க்க வேண்டும்.