மின்னணுக் கடல் வரைபடம்: அளவு வகைப்பாடு

கப்பல் திரையில் விரியும் கடல் வரைபடங்களைப் பயன்பாட்டுக்கேற்ப ஆறாகப் பிரிக்கும் முறை. பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பின் எஸ்-57 தரத்தின்படி மேலோட்டம், பொது, கடலோரம், அணுகுவழி, துறைமுகம், கப்பல் அணையும் துறை என்பன அவை. இந்தியக் கடலுக்கான கோப்புகளை டேராடூனிலுள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகம் தயாரிக்கிறது. கோப்புப் பெயரில் நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்தை அடுத்துவரும் இலக்கமே வகையைச் சொல்லிவிடும்.

திருக்கடையூருக்குக் கிழக்கே கடலில் கடந்துசெல்லும் கப்பலுக்குக் கடலோர வகை (ஏறத்தாழ 1:90,000 முதல் 1:3,50,000 வரை) உதவும். தெற்கே காரைக்கால் துறைமுகத்துக்குள் நுழைய, 1:22,000-ஐ விட விரிவான துறைமுக வகை தேவை. திரையைப் பெரிதாக்கினால் படம்தான் பெரிதாகும். அளக்கப்படாத ஆழம் புதிதாகத் தோன்றாது. வரைபடம் தொகுக்கப்பட்ட அளவைத் தாண்டும்போது கருவி எச்சரிக்கும், அதை அலட்சியப்படுத்துவது பேராபத்து. கரையை நெருங்கும் மாலுமி, கிடைப்பதில் மிக விரிவான வரைபடத்தையே பயன்படுத்த வேண்டும்.