பெட்டியடிப் பையன்

பெட்டியடிப் பையன் என்பது செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்த நாடுகளில் நடத்திய வட்டிக்கடைகளில் தொழில் பழகச் சேர்க்கப்பட்ட சிறுவனைக் குறிக்க வழங்கிய பெயர் ஆகும். பணப்பெட்டியின் அருகே பாயில் அமர்ந்து ஏவல் செய்ததால் இப்பெயர் ஏற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரை, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அடங்கும் காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் முதலிய ஊர்களிலிருந்து இவ்வாறு சிறுவர்கள் பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சுமத்ரா, சைகோன் ஆகிய இடங்களுக்குச் சென்றனர். பிற்காலத்தில் முதலாளிகளாகப் பெயர் பெற்றவர் பலர் இப்படித் தொடங்கியவர்களே. திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அறிய அவர்தம் வழியினர் இன்று மேற்கொள்ளும் தேடலில் சில தனித்த சிக்கல்கள் உள்ளன.

பயிற்சியும் பயணமும்

நகரத்தார் சிறுவர்களுக்கு இளம் வயதிலேயே எண்சுவடி மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. முந்திரி (1/320), மாகாணி (1/16), அரைக்கால் (1/8) முதலிய கீழ்வாய்ப் பின்னங்களை மனக்கணக்காகப் பெருக்கவும், நாள் எண்ணி வட்டி காணவும் தெரிந்தவனே கடைக்குத் தகுதியானவன் எனக் கருதப்பட்டான். உறவினர் அல்லது அதே ஊரைச் சேர்ந்தவரின் கடையில் சேர்ப்பது வழக்கம். பர்மாவுக்குச் சென்னையிலிருந்தும், பினாங்கு, சிங்கப்பூருக்கு நாகப்பட்டினம், சென்னை துறைமுகங்களிலிருந்தும் கப்பல் ஏறினர். 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜுலா' கப்பலின் பெயர் இன்றும் முதியவர்களின் நினைவில் இருக்கிறது. 1914க்குப் பின் இலங்கைக்குத் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி எளிதாயிற்று.

கடையின் படிநிலையில் பெட்டியடிப் பையனுக்கு மேல் அடுத்தாள் என்ற உதவியாளரும், அவருக்கு மேல் மேலாள் என்ற முகவரும் இருந்தனர். முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருந்தார். பொதுவாக மூன்றாண்டு ஒரு கணக்கு ஆகும். சம்பளத்தின் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்துக்குத் தரப்பட்டது. அதுவும் வீட்டில் வட்டிக்கு விடப்பட்டது என்பது இச்சமூகத்தின் பொருளியல் ஒழுங்கை நன்கு காட்டும். கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பிச் சில காலம் தங்கி மீண்டும் செல்வர். பெண்களை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் தொடக்க காலத்தில் இல்லை. எனவே தாயைப் பிரிந்து சென்ற சிறுவன் அங்கே முற்றிலும் ஆண்களே வாழும் ஓரிடத்தில் வளர்ந்தான்.

அவ்விடம் கிட்டங்கி எனப்பட்டது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்தவை போன்ற நீண்ட கூடங்களில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியும் ஒரு பாயும் கொள்ளும் அளவே இடம். பகலில் கடையாக இருந்த அதே இடத்தில் இரவில் படுத்து உறங்கினர். ரங்கூனின் முகல் தெருவும், கொழும்பின் செட்டியார் தெருவும் இத்தகைய கடைகளுக்குப் பெயர் பெற்றவை. கூட்டுவது, பாய் விரிப்பது, காசு எண்ணுவது, கடிதம் படியெடுப்பது ஆகியன பையனின் வேலைகள். பேரேடு எழுதவும் ஐந்தொகை போடவும் பார்த்தே பழக வேண்டும்.

முறிவு

1929–30இல் பர்மிய வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் கடன்கள் திரும்பாமல், 1930களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்களின் கைக்கு வந்தது. அந்நிலத்தை இழந்த பர்மிய உழவர்களின் துயரையும் இங்குக் கூறாமல் விடுவது முறையன்று.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அராக்கன், மணிப்பூர் வழிகளில் நடந்தே இந்தியா வர முயன்றோரில் பல்லாயிரவர் நோயாலும் பசியாலும் இறந்தனர். மலாயாவிலும் சுமத்ராவிலும் இருந்தோர் போர் முடியும்வரை ஊர் திரும்ப இயலவில்லை. கடிதப் போக்குவரத்தும் நின்றது. 1948இன் நில நாட்டுடைமைச் சட்டமும், 1960களில் நிகழ்ந்த நாட்டுடைமையாக்கமும் பர்மாத் தொடர்பை முற்றாக அறுத்தன.

முன்னோரைத் தேடல்

இங்கு ஓர் ஒப்பீடு பயன்படும். பிரித்தானியாவிலிருந்து 1869 முதல் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏழைச் சிறுவர்கள் பர்னாடோ இல்லம் போன்ற அறநிலையங்களால் கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பப்பட்டனர். இந்தியாவிலேயே, 1900இல் ஜே. ஏ. கிரகாம் நிறுவிய கலிம்போங் இல்லத்திலிருந்து, தேயிலைத் தோட்ட ஆங்கிலேயருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த இளையோர் ஏறத்தாழ 130 பேர் 1908க்கும் 1938க்கும் இடையே நியூசிலாந்து சென்றனர். அச்சிறுவர்களின் வழியினர் தம் குடும்பத்தை அறியாதிருந்தாலும், அனுப்பிய நிறுவனத்தில் ஒரு கோப்பு கிடைக்கக்கூடும். 1987இல் மார்கரெட் ஹம்ப்ரீஸ் தொடங்கிய அறக்கட்டளை இத்தகைய தேடல்களுக்கு உதவியது. 2010இல் பிரித்தானிய அரசு மன்னிப்புக் கோரியது. பெட்டியடிப் பையனின் நிலை இதற்குத் தலைகீழானது. அவனை அனுப்பியது குடும்பமும் தொழிலுமே என்பதால் கோப்பு வைத்திருக்கும் நிறுவனம் எதுவும் இல்லை. வீட்டுப் பரணும் கோயிலுமே ஆவணக் காப்பகங்கள்.

தேடலின் முதற் படி விலாசம் ஆகும். தந்தை, பாட்டன் முதலியோரின் பெயர் முதலெழுத்துகளைத் தொடுத்து அமையும் இது கடையின் பெயராகவும் விளங்கியது. ஆனா, மூனா, ரூனா எனத் தமிழில் ஒலித்ததை ஆங்கில எழுத்தர் கேட்டபடி எழுதியதால், ஒரே விலாசம் அயல்நாட்டு ஆவணங்களில் பல வடிவங்களில் காணப்படுகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் மரபினால் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் அதே பெயர் திரும்ப வரும். 1890இல் சென்றவரையும் 1935இல் சென்றவரையும் ஒருவராகக் கொள்ளும் பிழை இதனால் எளிதில் நேர்கிறது. பிள்ளை கூட்டிக்கொள்ளும் (தத்தெடுக்கும்) வழக்கமும் பரவலாக இருந்தது. அப்படிப் போனவரின் விலாசம் மாறிவிடும்.

அடுத்தது கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் அமைகிறது. திருமணத்தின்போது கோயிலிலிருந்து மாலை வரும். மணமக்கள் ஒரு புள்ளியாகப் பதியப்படுவர். இசைகுடிமானம் எனும் திருமண ஒப்பந்த ஏட்டிலும் பெயர், ஊர், நாள் ஆகியன இருக்கும். இந்த ஒழுங்கான பதிவே தேடலின் பெரிய துணை, அதன் குறையும் அதுவே. புள்ளி திருமணத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே மணமாகாமல் சென்று அங்கேயே இறந்த பையனுக்குக் கோயிலேட்டில் ஒரு வரியும் இராது. அயல்நாட்டில் பிற இனப் பெண்களை மணந்தோரின் பிள்ளைகளும் புள்ளிக் கணக்கில் சேரார். தந்தைவழி ஊரைத் தேடும் அவர்தம் பேரர்களுக்கு விலாசம் ஒன்றே பிடிமானம்.

அயல்நாட்டு ஆவணங்களில் சாதாரணப் பையனின் பெயர் அரிதாகவே காணப்படும். அவன் வளர்ந்து மேலாளாகி, முதலாளியிடமிருந்து முத்தியார் பத்திரம் (பவர்) பெறும்போதுதான் பதிவேடுகளிலும் நீதிமன்ற வழக்குகளிலும் தோன்றுகிறான். சிங்கப்பூர் தேசிய நூலகம் எண்ணிம வடிவில் வெளியிட்டுள்ள பழைய நாளிதழ்களில் இத்தகைய அறிவிப்புகள் மிகுதி. 1859இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் தண்டாயுதபாணி கோயில் போன்றவற்றைக் கடைகள் தந்த மகமைப் பணமே தாங்கியதால், கோயில் கணக்குகளிலும் விலாசங்களைத் தேடலாம். 1920களில் காரைக்குடியிலிருந்து வெளிவந்த குமரன், ஊழியன் ஆகிய இதழ்களும், ஏ. கே. செட்டியார் ஆசிரியராகப் பணியாற்றிய ரங்கூன் தனவணிகன் இதழும் பயன்படும். கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டி, இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக உள்ள தொகுப்பு இதற்கு நல்ல தொடக்கம் எனலாம். ஆயினும் பலருக்கு விடை கிடைப்பது பழைய வீட்டின் தகரப்பெட்டியில் உள்ள கடிதக் கட்டில்தான். வீடுகள் பிரித்து விற்கப்படும்போது மரத்தூண்களுக்கு விலை பேசப்படுகிறது, கடிதங்கள் பழைய தாளாகப் போகின்றன.

இலக்கியத்தில்

சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரம், 18 வயதில் சுமத்ராவின் மேடான் நகரிலுள்ள வட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் நகரத்தார் அல்லர். இக்கடைகள் சுற்று வட்டாரத்துப் பிற சமூகத்து இளைஞர்களையும் கடல் கடக்கச் செய்தன என்பதற்கு அவர் சான்று. அவருடைய கடலுக்கு அப்பால், புயலிலே ஒரு தோணி ஆகிய புதினங்களில் கடை வாழ்க்கையும், போரினால் ஊர் திரும்ப முடியாத இளைஞர்களின் மனநிலையும் விரிவாக இடம்பெறுகின்றன.