வேலூர்க் கோட்டை நடைச்சுற்று

கணியம்பாடிக்கு வடக்கே, வேலூர் நகர நடுவிலுள்ள 16ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கோட்டையைக் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பது. அகழியைத் தாண்டியதும் ஜலகண்டேஸ்வரர் கோயில். அதன் கல்யாண மண்டபத்தில் யாளிகளும் குதிரைவீரர்களும் பாயும் தூண்களை அவசரமாகக் கடப்பவர் கோட்டையின் சிறந்த பகுதியையே தவறவிடுகிறார். நெடுங்காலம் மூலவர் இன்றிக் கிடந்த இக்கோயிலில் 1981இல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டது. கோட்டைக்குள்ளேயே தேவாலயமும் பள்ளிவாசலும் உண்டு. அடுத்தவை திப்பு சுல்தானின் குடும்பத்தார் காவலில் இருந்த மகால்கள்.

நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்து, புதுத் தலைப்பாகையைத் திணித்த ஆங்கிலேயர்மீது இக்கோட்டைச் சிப்பாய்கள் பாய்ந்தது 1806 ஜூலை 10 விடியுமுன். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 ஆண்டுகள் முந்தியது. இங்கே சிறையிருந்து 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கனின் சமாதி, கோட்டைக்கு வெளியே பாலாற்றங்கரையில் உள்ளது.