கையால் விட்ட மூச்சு

மூச்சு என்றதும் உள்ளே வருவதைத்தான் நினைக்கிறோம்; வெளியே போக வேண்டியதை மறந்துவிடுகிறோம். 1952இல் கோபன்ஹேகனின் பிளெக்டாம் மருத்துவமனையில் மருத்துவர்களே அப்படித்தான் தடுமாறினார்கள்.

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. உதரவிதானம் தாழ்ந்து விலாக்கூடு உயர்ந்தால்தான் காற்று உள்ளே வரும். அந்தத் தசைகளை இயக்கும் நரம்புகளைப் போலியோ முடக்கியது. மருத்துவமனையில் இருந்ததோ ஒரே ஒரு இரும்பு நுரையீரல், மார்பில் பொருத்தும் ஆறு கருவிகள். முதல் மூன்று வாரங்களில் அவற்றில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

ஆக்சிஜன் கொடுத்ததால் உடல் நீலம் பாரிக்கவில்லை. ரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்தது. காரம் கூடிவிட்டது என்று எண்ணினார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் மறுத்தார்: வெளியேறாத கரியமில வாயு தேங்கி ரத்தத்தை அமிலமாக்குகிறது என்றார்.

ஆகஸ்ட் 27. 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். அவள் திணறியதில் காற்று இறங்கவில்லை. இப்சன் மயக்க மருந்து கொடுத்து அந்தத் திணறலையே அடக்கினார். மூச்சுக்குத் தவிப்பவளின் சொந்த முயற்சியை நிறுத்துவது! இந்தக் கதையில் என்னை உறையவைக்கும் இடம் இதுதான். பிறகு ரப்பர் பையைக் கையால் அழுத்தினார். நுரையீரல் விரிந்தது, பிழைத்தாள்.

மற்றவர்களுக்கு யார் அழுத்துவது? சுமார் 1500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அழுத்தினார்கள். இறப்பு 80 சதவீதத்துக்கு மேலிருந்து ஏறத்தாழ 40க்கு இறங்கியது. குழாய் இருந்ததால் நோயாளிகளால் பேச முடியாது. மூச்சு போதுமா என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அந்த மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.