வேதிவழிப் புரத இணைப்பு

செல்லுக்குள் தனித்தனியே திரியும் இரு புரதங்களை, ஒரு சிறு மூலக்கூறைக் கொடுத்து வேண்டிய நேரத்தில் ஒன்றுசேர்க்கும் ஆய்வு முறை. 1993-இல் ஸ்டூவர்ட் ஷ்ரைபர், ஜெரால்ட் கிராப்ட்ரீ குழுவினர் எஃப்கே1012 என்ற செயற்கைச் சேர்மத்தால் இதைச் செய்துகாட்டினர்.

இதற்கு இன்று அதிகம் புழங்கும் மூலக்கூறு ராபமைசின். ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து இதை மொன்றியலின் அயர்ஸ்ட் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்ற சுரேந்திர நாத் சேகல். 1980-களில் அந்த ஆய்வகம் மூடப்பட்டபோது நுண்ணுயிரியை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றினார். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் இந்தப் பதிவில் பாதி இருக்காது.

ராபமைசினின் ஒரு பக்கம் எஃப்கேபிபி12 புரதத்தையும் மறுபக்கம் செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் எம்டார் புரதத்தின் எஃப்ஆர்பி பகுதியையும் பற்றும். எஃப்ஆர்பியைச் செல் சவ்வில் பொருத்தி, எஃப்கேபிபியுடன் ஒளிரும் புரதத்தைக் கோத்து ராபமைசினை ஊற்றினால், செல்லெங்கும் பரவிக்கிடந்த ஒளி சில நிமிடங்களில் விளிம்பில் வளையமாகத் திரளும். ஒளிரும் புரதத்துக்குப் பதில் நொதியைக் கோத்தால், அது சவ்வில் வேலையைத் தொடங்கும். எம்டாரையும் சேர்த்து முடக்கிவிடுவது ராபமைசினின் தொல்லை. அதைத் தவிர்க்கவே திருத்தியமைத்த ராபலாக்குகள் வந்தன. சேர்ந்த இணையைப் பிரிப்பதும் லேசல்ல.

மருத்துவத்திலும் இம்முறை நுழைந்துவிட்டது. 2011-இல் வெளியான சோதனையில், நோயாளிகளுக்குக் கேடு விளைவித்த டி செல்களில், செல்லின் அழிவைத் தூண்டும் காஸ்பேஸ்-9 புரதங்களை ஒரு மருந்து இணைத்தது. 30 நிமிடங்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட செல்கள் அழிந்தன.