அல்லிவட்டமும் ஊமைமலரும்: டியோர் இல்லத்தின் வரலாறு

பிரான்சின் வடமேற்கே, நார்மண்டிக் கடற்கரையில், கிரான்வில் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே கடல் நோக்கி நிற்கும் இளஞ்சிவப்பு மாளிகை ஒன்றில் வளர்ந்தவர் கிறிஸ்டியன் டியோர். 1905ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் பிறந்தவர். தந்தை மோரிஸ் உரத் தொழிற்சாலை நடத்தினார். தாய் மாதலேன் உப்புக் காற்று வீசும் அப்பாறை நிலத்தில் மலர்த்தோட்டம் வளர்த்தார். ஆலைப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாள்களில், இன்று டியோர் நாற்றம் வீசுகிறது என ஊரார் முகஞ்சுளிப்பராம். ‘நாற்றம்’ என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்துப் பின்னர் இழிபொருட்பேறு உற்றதை அறிவோம். டியோர் என்னும் பெயருக்கு வாய்த்ததோ உயர்பொருட்பேறு.

1931இல் தாய் மறைந்தார். தந்தையின் செல்வமும் அழிந்தது. நண்பரோடு நடத்திய ஓவியக் கூடத்தை இழந்த டியோர், ஆடை வரைபடங்களை விற்றுப் பிழைத்தார். 1938இல் ரொபேர் பிகேயிடமும், 1941இல் லூசியன் லெலோங்கிடமும் வடிவமைப்பாளராகப் பணியாற்றினார்.

இல்லத்தின் புகழ்பாடும் நூல்கள் இவ்விடத்தில் சற்று விரைந்து நடக்கும். ஆனால் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுவே. செர்மானியர் பிடியில் பாரிசு இருந்த அக்காலத்தில், லெலோங்கின் கடையில் ஆடை வாங்கியவர்களுள் செர்மானிய அதிகாரிகளின் மனைவியரும் இருந்தனர். அண்ணன் அங்கே ஆடை வரைய, அவரினும் பன்னிரண்டு ஆண்டு இளையவரான தங்கை காத்தரீன் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து பகைவர் படைநகர்வுச் செய்திகளைத் திரட்டி அனுப்பினார். பாரிசில் அண்ணனின் வீடே அவருக்கு அடைக்கலம். 1944 சூலையில் கைதான அவர், கொடிய வதைக்கு ஆளாகியும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாரிசு விடுதலை பெறச் சில நாள்களே இருந்த நிலையில், ஆகஸ்டில் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1945 மே இறுதியில் திரும்பி வந்தபோது அண்ணனுக்கே அடையாளம் தெரியாத அளவு மெலிந்திருந்தார் என்பர்.

1946 திசம்பரில், பருத்தித் தொழிலதிபர் மார்செல் பூசாக்கின் பொருளுதவியால், மொந்தேன் சாலை 30ஆம் எண் மனையில் டியோர் இல்லம் தோன்றியது. 1947 பிப்ரவரி 12 அன்று முதல் அணிவகுப்பு. இடை குறுகி, பாவாடை விரிந்த அவ்வடிவத்திற்கு அவர் இட்ட பெயர் ‘கொரோல்’. தமிழில் சொன்னால் அல்லிவட்டம். பூவின் இதழ்த் தொகுதியே பெண்ணுக்கு ஆடையாயிற்று. அமெரிக்க இதழாசிரியர் கார்மல் ஸ்னோ அதனைப் ‘புதிய தோற்றம்’ எனக் குறிப்பிட, உலகம் அப்பெயரையே பற்றிக்கொண்டது. உவமையாகிய பூ பின்தங்கியது.

ரொட்டிக்கும் பங்கீடு நீடித்த ஆண்டு அது. ஒரே பாவாடைக்குப் பத்து மீட்டருக்கு மேலும் துணி செலவாயிற்று. படம் எடுப்பதற்காக மோன்மார்த்ர் கடைத்தெருவில் அவ்வாடையோடு வந்த பெண்களின் துணியை எளிய பெண்டிர் பற்றிக் கிழித்தனர். அச்சினத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல இயலாது. துணி மிகுதியாகச் செலவாவது பூசாக்குக்கு நட்டமன்று என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதே ஆண்டில், கிரான்வில்லின் இளமைத் தோழர் செர்ஜ் ஹெஃப்த்லெர் லூயிஷின் துணையோடு வாசனைத் தைல நிறுவனமும் எழுந்தது. முதல் தைலத்திற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த வேளையில் காத்தரீன் உள்ளே வர, உடனிருந்த மிட்சா பிரிகார் ‘இதோ மிஸ் டியோர்’ என்றாராம், அதுவே பெயராயிற்று. செவிவழிச் செய்திதான். ஆயினும் தங்கைக்கு அண்ணன் எழுப்பிய நினைவுச் சின்னம் வேறில்லை.

1956இல் வெளிவந்த ‘டியோரிசிமோ’வின் கதை கவிஞர்க்கு உரியது. ‘முகே’ என்னும் சிறுமணி போன்ற வெண்பூ டியோரின் நல்வாய்ப்பு மலர்; ஆடைகளின் மடிப்பில் அதனை வைத்துத் தைப்பாராம். வடித்தாலும் பிழிந்தாலும் அப்பூ தன் மணத்தைத் தராது. தைலம் செய்வோர் இத்தகையவற்றை ‘ஊமைமலர்’ என்பர். எட்மோன் ருட்னிட்ஸ்கா தம் தோட்டத்தில் அதனை வளர்த்து, முகர்ந்து முகர்ந்து, பிற பொருள்களைக் கூட்டி அதன் மணத்தைப் படைத்தார். சொல்ல மறுப்பதன் பொருட்டு வேறொன்று பேசியது.

1957 அக்டோபர் 24 அன்று இத்தாலியில் டியோர் மறைந்தார். அவர் இல்லத்தை நடத்தியது பத்தே ஆண்டுகள். 21 வயது ஈவ் சான் லோரான் முதலாகப் பலர் அவ்விடத்திற்கு வந்தனர். பூசாக்கின் நிறுவனங்கள் 1978இல் நொடித்தன. வெவ்வேறு கைகளுக்குப் போயிருந்த ஆடைத்தொழிலும் தைலத்தொழிலும் 2017இல்தான் ஒரே குழுமத்தில் சேர்ந்தன.

காத்தரீன் போருக்குப்பின் பாரிசுச் சந்தையில் மலர் விற்றார். பின்னர்த் தெற்கே கல்லியான் என்னும் ஊரில் ரோசாவும் மல்லிகையும் பயிரிட்டு, கிராஸ் நகரத்துத் தைல ஆலைகளுக்கு அளித்தார். தம்மை வதைத்தோர்க்கு எதிராக 1952இல் நீதிமன்றத்தில் சான்றுரைத்தார். அதற்கு வெளியே முகாம் பற்றி அரிதாகவே வாய்திறந்தார். 2008இல், 90ஆம் வயதில் மறைந்தார். அவர் வரலாற்றை விரிவாகக் கூறும் ஜஸ்டின் பிகார்டியின் ஆங்கில நூல் 2021இல்தான் வெளிவந்தது. ‘மிஸ் டியோர்’ புட்டி கடைகளுக்கு வந்து அப்போது எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.