மன்ஹாட்டன் டிரான்ஸ்கிரிப்ட்ஸ்

சுவிட்சர்லாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் பெர்னார்ட் ட்சூமி (பி. 1944) 1976 முதல் 1981 வரை உருவாக்கிய வரைபடத் தொடர். நியூயார்க் நகரைப் பற்றியது; ஆனால் எதையும் கட்டுவதற்காக வரையப்பட்டதல்ல. 1981இல் நூலாக வெளிவந்தது.

நகரை வரைந்தே ஆராயும் வழக்கம் பழையது. ஜாம்பத்திஸ்தா நொல்லியின் ரோம் வரைபடம் (1748) தேவாலயங்களின் உட்புறத்தையும் தெருவைப் போலவே வெள்ளையாக விட்டது. மக்கள் தடையின்றி நுழையும் இடங்கள் எவை என்று அதைப் பார்த்தாலே தெரியும். 1957இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கி தெபோர் பாரிஸ் வரைபடத்தைத் துண்டுகளாக வெட்டிச் சிவப்பு அம்புகளால் இணைத்தார். ட்சூமி லண்டனில் ஆசிரியராக இருந்தபோது, ஜேம்ஸ் ஜாய்ஸின் கடைசி நாவலையே கட்டடத் தேவைப் பட்டியலாகக் கொண்டு, கோவென்ட் கார்டன் பகுதிக்கு மாணவர்களைக் கட்டடங்கள் வரையவைத்தார். நில அளவைப் படத்தின் கட்டங்கள் சந்திக்கும் புள்ளிகளில் ஒவ்வொருவரின் கட்டடமும் அமைந்தது.

வழக்கமான கட்டட வரைபடத்தில் மனிதர் இருப்பதில்லை. இருந்தாலும், அளவு காட்ட நிறுத்திய பொம்மைதான். ட்சூமி இதைத்தான் மாற்ற முனைந்தார். ஒரு சதுரத்தில் நடந்ததைக் காட்டும் புகைப்படம், அடுத்ததில் இடத்தின் வரைபடம், மூன்றாவதில் உடல்கள் நகர்ந்த தடம். நடன அசைவுக் குறிப்பும் விளையாட்டு வியூகப் படமும் திரைப்படத் தொகுப்பும் அவருக்குக் கைகொடுத்தன.

தொடரில் நான்கு பகுதிகள். ‘பூங்கா’, சென்ட்ரல் பார்க்கில் நடக்கும் ஒரு கொலையை 24 தாள்களில் சொல்கிறது: பின்தொடர்தல், கொலை, தடயம், பிடிபடுதல். மலிவான துப்பறியும் கதைதான், வேண்டுமென்றே அப்படி. ‘தெரு’ 42ஆம் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எல்லைகளைத் தாண்டிப் போகும் பயணமாக்குகிறது. ‘கோபுரம்’ உயர்மாடியிலிருந்து ஒருவர் விழுவதைத் தொடர்கிறது. ‘மனைத்தொகுதி’யின் ஐந்து முற்றங்களில் கழைக்கூத்தாடிகள், பனிச்சறுக்காளர்கள், நடனக்காரர்கள், படைவீரர்கள், கால்பந்து வீரர்கள் புகுந்துவிடுகிறார்கள், சுவர்களும் அவர்களோடு நெளியத் தொடங்குகின்றன.

இடங்கள் உண்மை, நிகழ்ச்சிகள் கற்பனை. அதனால் இதைக் கள ஆய்வு என்று ஏற்பது கடினம். முதல்முறை பார்ப்பவருக்குப் பல தாள்கள் புதிராகவே நிற்கும். ஆயினும் இத்தொடர் தாளோடு நின்றுவிடவில்லை. பாரிஸில் பழைய இறைச்சிக்கூட நிலத்தில் லா வில்லெத் பூங்கா அமைக்க 1982–83இல் நடந்த போட்டியில் ட்சூமி வென்றார். 120 மீட்டர் இடைவெளியுள்ள கட்டங்களின் புள்ளிகளில் சிவப்புச் சிறுகட்டடங்களை நிறுத்தி, அவற்றினூடே நடைவழிகளை ஓடவிட்டார். பெரும்பாலான கட்டடங்களுக்கு இன்ன பயன் என்று முன்கூட்டியே விதிக்கவில்லை.